ஜெனரேட்டரைக் கீழே வைக்காதீர்கள்: நீர்க்கரை அலுவலகங்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

சோழிங்கநல்லூரில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி அலுவலகம் கட்ட இடம் பார்த்திருக்கிறோம். எத்தனை அடி விட வேண்டும்?

சர்வே எண்ணைக்கூட எழுதாமல் அடிக்கணக்கு கேட்டால் எப்படிச் சொல்வது? அலை ஏறி இறங்கும் பகுதி என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி பொருந்தும். மண்டலத்தின் அகலம் 2011 அறிவிக்கைப்படி 100 மீட்டர், 2019 அறிவிக்கைப்படி 50 மீட்டர். கால்வாயின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலம்தான் கணக்கு. உங்கள் பகுதிக்கு எந்த அறிவிக்கையின் மண்டல வரைபடம் நடப்பில் இருக்கிறதோ அதுவே செல்லும். மண்டலத்துக்குள் வந்தாலே கட்ட முடியாது என்றில்லை. இரண்டாம் வகை (ஏற்கெனவே கட்டடங்கள் வந்துவிட்ட நகரப் பகுதி) என்றால், ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்பக்கமாகக் கட்ட வழி உண்டு. ஆனால் வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள்.

மொத்தம் 2.3 லட்சம் சதுர அடி. சுற்றுச்சூழல் அனுமதி தேவையா?

தேவை. எல்லை 20,000 சதுர மீட்டர், சுமார் 2.15 லட்சம் சதுர அடி. பேஸ்மென்ட்டையும் சேர்த்துத்தான் கணக்கு. இரண்டு கட்டடமாகப் பிரித்துக் காட்டும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான். எம்25 கான்கிரீட் போதும் என்கிறார் என்ஜினீயர். சரியா?

சரியில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 படி, கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 (எம் எண் கான்கிரீட்டின் வலிமைத் தரம், அதாவது கிரேடு), கம்பிக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம். கடல்நீர்த் தெறிப்பு படும் இடம் என்றால் எம்35, 50 மி.மீ. கிரேடைப் பற்றி வாதாடுகிற பலர் கவரைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட எத்தனை வருஷம் ஆகும் என்பதைப் பெரும்பாலும் கவர்தான் தீர்மானிக்கிறது. கான்கிரீட் போடும் நாளில் நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள்.

இரண்டு பேஸ்மென்ட் பார்க்கிங். மின் பேனல் அறை, ஜெனரேட்டர், பம்ப் எல்லாம் கீழ்த்தளத்தில். நல்ல வாட்டர்ப்ரூஃபிங் செய்தால் போதும்தானே?

போதாது. இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது, நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வாட்டர்ப்ரூஃபிங் சுவர் வழியாகக் கசியும் நீரைத் தடுக்கும். வெள்ளம் வருவது வண்டி இறங்கும் சரிவுப்பாதை வழியாக, காற்றுத் துவாரம் வழியாக, கேபிள் நுழையும் குழாய் வழியாக. 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் இதுதான் நடந்தது. மேல்தளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாதனங்கள் கீழே மூழ்கியதால் பல அலுவலகக் கட்டடங்களை வாரக்கணக்கில் திறக்க முடியவில்லை. 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாடு நமக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகும் அதே வரைபடத்தை நீட்டுகிறார்கள். வாடகைக்கு விடும் தளத்தில் 1,500 சதுர அடி குறைகிறதே என்ற ஒரே காரணத்துக்காக ஐந்நூறு பேர் வேலை பார்க்கும் கட்டடத்தின் உயிர்நாடியைக் குழிக்குள் வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பேனலும் ஜெனரேட்டரும் முதல் தளத்துக்குப் போகட்டும். கீழே பம்ப் மட்டும் இருக்கலாம். அதன் மின்இணைப்பு மேலிருந்து வர வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: மிதப்பு விசை. நிலத்தடி நீர் ஒரு மீட்டர் ஆழத்தில், குழி ஏழு மீட்டர் என்றால், ராஃப்ட்டின் (கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே கான்கிரீட் அடித்தளம்) அடியில் சதுர மீட்டருக்கு 6 டன் மேல்நோக்கித் தள்ளும். ஒரு மீட்டர் கனமுள்ள ராஃப்ட்டின் எடை 2.5 டன்; பேஸ்மென்ட் தளங்களைச் சேர்த்தாலும் 4 டன் தேறாது. கிணற்றில் விட்ட காலி அண்டா மாதிரி மொத்தமும் மேலே வரப் பார்க்கும். ஓ.எம்.ஆர். பக்கம் நான் ஆலோசகராக இருந்த ஒரு வேலையில், டீசல் செலவு என்று சொல்லி ஒப்பந்தக்காரர் குழியிலிருந்து நிலத்தடி நீர் இறைப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார். ஒரே மழையில் ராஃப்ட் தூக்கி விரிசல் விட்டது. மேலே ஏறக்குறைய நான்கு தளம் ஏறும்வரை இறைப்பதை நிறுத்தாதீர்கள். நிரந்தரமாக எடை போதாத இடங்களில் இழுவிசை தாங்கும் பைல் (நிலத்தில் ஆழமாக இறக்கும் தூண்) வேண்டும்.

கடலைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கலாமா?

வைக்கலாம், செலவு தெரிந்து வையுங்கள். நமக்குக் கடல் கிழக்கே; காலை பத்து மணிவரை நேர் வெயில், திரையை இழுத்துவிட்டால் கடலும் தெரியாது. வெளியே நிழல்தகடு கொடுத்தால் வெயிலும் அடங்கும், காட்சியும் கிடைக்கும். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ.; அதற்குக் கணக்குப் போட்டார்களா என்று கேளுங்கள். போல்ட், பிராக்கெட் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் கடற்காற்றில் கறைபிடிக்கும்.

கேனரி வார்ஃப் மாதிரி இங்கே ஒன்று ஏன் வரவில்லை? (கட்டடக்கலை மாணவி)

முதலில் நீர்க்கரை அலுவலகப் பகுதியான கேனரி வார்ஃபே எப்படி வந்தது என்று பாருங்கள். லண்டனின் வெஸ்ட் இந்தியா கப்பல்துறை 1980-இல் மூடியது. அங்கே 50 மாடி ஒன் கனடா ஸ்கொயர் 1991-இல் எழுந்தது. மறுவருஷமே கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் திவாலானது. சந்தை சரிவு ஒரு காரணம். நகர மையத்திலிருந்து ஒழுங்கான ரயில் இல்லாதது இன்னொன்று. ஜூபிலி ரயில் பாதை 1999-இல் வந்த பிறகுதான் அந்த இடம் நிமிர்ந்தது. தண்ணீரைப் பார்க்க ஒருநாள் வருவார்கள். தினமும் வேலைக்கு வர ரயில் வேண்டும். வடிவத்தைப் படிக்கும் அளவுக்குப் போக்குவரத்தையும் படியுங்கள்.

கரைப்பக்கம் காம்பவுண்டு எழுப்பி வெளியாட்களை நிறுத்தலாமா?

கூடாது. மீனவர்கள் தலைமுறையாக நடக்கும் வழியை அடைக்க உங்களுக்கு உரிமையில்லை. சிங்கப்பூர் மரினா பேயில் வங்கிக் கோபுரங்களுக்கு முன்னாலேயே பொதுமக்கள் நடக்கும் கரைப்பாதை ஓடுகிறது.

கட்டட வேலைக்கு போர்வெல் தண்ணீர் போதுமா?

பரிசோதிக்காமல் கூடாது. கம்பிபோட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் போனால் லாரித் தண்ணீர்தான்.