கணவாயில் லோடு லாரியை நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமாகுமா?

மிச்சமாகாது. இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் (டீசல் அளவைக் கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின்கள்), வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயில் இந்தத் தப்புக் கணக்குக்கு உயிர்கள் போவது வயிற்றெரிச்சல்.

லோடோடு 35 டன் வரும் 12 சக்கர லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் சூடு, 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கியரில் வந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சினும், புகை போகும் வழியை அடைத்து எஞ்சினை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டும் பயனில்லை. அத்தனை சூடும் சக்கரத்தின் பிரேக் டிரம்மில்தான் ஏறும். சூட்டில் டிரம் விரிந்து, அதை உரசி நிறுத்தும் லைனரை விட்டு விலகும், லைனரும் வழுக்கும். மீட்டரில் பிரேக்கை இயக்கும் ஏர் முழுசாக இருக்கும், வண்டி நிற்காது. எஞ்சினையே அணைத்து இறக்குபவர்களும் உண்டு. அப்போது ஏர் நிரப்பும் கம்ப்ரசர் நின்று, மிதிக்க மிதிக்க ஏர் இறங்கும். பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வேகம் ஏறிய பிறகு சின்ன கியர் விழாது, நடுவில் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். எந்த கியர் என்றால், எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, ஆர்பிஎம் முள் சிவப்புக்குக் கீழே நிற்க, கால் பிரேக் அதிகம் தேவைப்படாத கியர். மழையில் காலி வண்டி என்றால் மட்டும் எக்ஸாஸ்ட் பிரேக்கில் கவனம், பின்சக்கரம் வழுக்கும்.

கால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே வருவதுதான் டிரம்மைக் காய்ச்சும். 30 கி.மீ. வேகத்தில் இறங்க நினைத்தால், முள் 30-ஐத் தொட்டதும் அழுத்தி மிதித்து மூன்று விநாடியில் 22-க்குக் கொண்டுவந்து, காலை முழுசாக எடுங்கள். மறுபடி 30 வரும்வரை தொடாதீர்கள்.

கருகல் வாசனையோ சக்கரத்தில் புகையோ வந்தால், சமதளம் பார்த்து உடனே ஒதுக்குங்கள். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடேறிய டிரம்மில் ஹேண்ட் பிரேக் வேண்டாம். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிரம் விரிசல் விடும். கைவைத்தால் சுடாத அளவுக்குத் தானாக ஆறட்டும், எவ்வளவு நேரமானாலும் சரி.