இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவத் துப்பாக்கியான கார் 98கே-யில், பாகங்களில் இருக்கும் வரிசை எண் எல்லாம் ஒத்துப்போனால் அது அசல்தானா?

ஒத்துப்போனால் மட்டும் போதாது. எண் எப்படிப் பதிந்திருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஜெர்மன் ஆலைகளில் எண்ணை அச்சால் அடித்தார்கள். இலக்கங்கள் குழிந்து, ஒரே சீராக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய துப்பாக்கிகளின் கதை வேறு. அவற்றைப் பிரித்து, மறுபடி கறுப்பேற்றி, கைக்குக் கிடைத்த பாகங்களைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். போல்ட்டில் (தோட்டா அறையைத் திறந்து மூடும் பாகம்) பழைய எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு, பக்கத்திலேயே மின்பேனாவால் (உலோகத்தில் கீறி எழுதும் மின்கருவி) கோழி கிளறியது போல ஒரு புது எண். எண் ஒத்துப்போகும், பாகம் ஒத்துப்போகாது! மரக்கட்டையில் செம்பழுப்பு அரக்குப் பூச்சு மினுங்கினால் அதுவும் ஓர் அடையாளம்.

அப்புறம், சின்னப் பாகங்கள். குழலைப் பிடிக்கும் பட்டைகளிலும், திருகுகளின் தலையிலும்கூட கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். போரின் கடைசிக் காலத்தில் அவசரத்தில் இதையெல்லாம் குறைத்துவிட்டார்கள். அதனால் 1945 துப்பாக்கியின் திருகில் எண் இல்லையே என்று பதற வேண்டாம். இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

விற்பவர் சம்மதித்தால் கட்டையைக் கழற்றி, உள்பக்கம் அடித்திருக்கும் எண்ணையும் பார்த்துவிடுங்கள். அங்கே யாரும் சுலபத்தில் கை வைப்பதில்லை.