ரெண்டு தேதி போட்ட சர்ச்

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து சபை வழி வந்த குடும்பம். என் மக அமெரிக்காவுல ஒரு சின்ன டவுன்ல படிக்கிறா. அவ ஞாயித்துக்கிழமை போற சர்ச் போர்டுல எபிஸ்கோபல்னு போட்டிருக்காம், ஆனா ஆராதனை அப்படியே நம்மளுது மாதிரி இருக்குங்கிறா. அது நம்ம சபைதானா? அப்புறம் வாசல் கல்வெட்டுல கட்டினதுக்கு ஒரு வருஷம், பிரதிஷ்டைக்கு பல வருஷம் கழிச்சு இன்னொரு வருஷம் இருக்காம், அது ஏன்? நம்ம பினாங்கு செயிண்ட் ஜார்ஜ் சர்ச்சை யாரு கட்டினதுன்னு என்னையே திருப்பிக் கேட்டா, எனக்கு சொல்லத் தெரியல.
(வாசகி, செந்தூல்)

பதில்: நம்ம சபைதான் தங்கச்சி, மக நிம்மதியா போகட்டும். எபிஸ்கோபல்னா பேராயர் இருக்கிற சபைன்னு அர்த்தம், அவ்வளவுதான். சுதந்திரப் போருக்கு முன்னாடி அங்கயும் இங்கிலாந்து சபைதான் இருந்துச்சு, குருவானவருங்க எல்லாம் ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணணும். ராஜாவை எதிர்த்து ஜெயிச்ச நாட்டுல அது எப்படி நடக்கும்? அதனால சாமுவேல் சீபரிங்கிற ஐயர் ஸ்காட்லாந்துக்குப் போயி, 1784 நவம்பர்ல அபர்டீன்ல அங்க உள்ள பேராயருங்க கையால பேராயரா அபிஷேகம் வாங்கிட்டு வந்தாரு, ஏன்னா அவங்க அந்த சத்தியத்தைக் கேக்கல. 1789ல பிலடெல்பியாவுல கூடி சபைக்கு சட்டம் எழுதிட்டாங்க.

ரெண்டு தேதி விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்த சபையில பழைய விதி, கடன் இருக்கிற கட்டடத்தை பேராயர் பிரதிஷ்டை பண்ணக் கூடாதுன்னு இருந்துச்சு. ஆராதனை நடத்தலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் பண்ணலாம், ஆனா கடைசி காசு கட்டி முடிச்சாதான் பிரதிஷ்டை. சின்ன ஊர்ல நூறு பேரு கூட இல்லாத சபை மரமும் ஆணியும் வாங்கின கடனை அடைக்க எத்தனை வருஷம் ஆகும்னு நினைச்சுப் பாருங்க, கல்வெட்டுல ரெண்டு வருஷத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளி பூரா பெரும்பாலும் அந்த சனங்க பாடுதான். அங்க சின்ன ஊர் சர்ச்சுங்க நிறைய முதல்ல மரத்துலதான் எழும்பிச்சு, செங்குத்துப் பலகை, கூர் ஜன்னல். ரிச்சர்ட் அப்ஜான்னு ஒரு கட்டடக் கலைஞர், நியூயார்க்ல பெரிய டிரினிட்டி சர்ச்சை 1846ல முடிச்சவரு, ஊர்த் தச்சனே பாத்து கட்டிக்கிற மாதிரி சின்ன சபைங்களுக்கு வரைபடம் போட்டு 1852ல வெளியிட்டாரு.

மரம் முதல்ல, கல்லு அப்புறம்ங்கிறது நம்ம ஊர்லயும் நடந்ததுதான். கோலாலம்பூர் செயிண்ட் மேரிஸ் சர்ச் முதல்ல 1887ல புக்கிட் அமான் மேட்டுல ஒரு சின்ன மரக் கோயில். இப்ப டத்தாரான் மெர்டேக்கா மைதானத்துப் பக்கத்துல இருக்கிறது கட்டடக் கலைஞர் ஏ.சி. நார்மன் வரைஞ்சது, 1895ல பிரதிஷ்டை ஆச்சு.

இப்ப செயிண்ட் ஜார்ஜ். அதுக்கு முன்னாடி பினாங்குல ஆராதனை கார்ன்வாலிஸ் கோட்டைக்குள்ள நடந்துச்சு, பிறகு எதிர்ல இருந்த கோர்ட்டு கட்டடத்துல. இப்ப பார்க்கிற கோயிலுக்கு வரைபடம் போட்டது ராபர்ட் ஸ்மித்ங்கிற கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்து என்ஜினியர், 1818ல கட்டி முடிஞ்சுது, மறு வருஷம் கல்கத்தா பேராயர் மிடில்டன் வந்து பிரதிஷ்டை பண்ணினாரு. மெட்ராஸ் கதீட்ரல் ரோட்டுல இருக்கிற செயிண்ட் ஜார்ஜ் பார்த்தவங்களுக்கு முகஜாடை தெரியும், பேரும் அதே பேரு.

செங்கல் சுமந்தது யாரு? இந்தியாவுல இருந்து கப்பல்ல கொண்டாந்த கைதிங்க. கம்பெனி அவங்களை வச்சுத்தான் இங்க ரோடு போட்டது, காடு வெட்டினது, கோயிலும் கட்டினது. சர்ச்சுக்கு முன்னாடி புல்வெளியில பினாங்கை கம்பெனிக்காக நிறுவின பிரான்சிஸ் லைட்டுக்கு 1886ல வச்ச வட்ட மண்டபம் இருக்கு, சாயங்காலம் அங்க உக்காந்தா வெள்ளைத் தூணுங்க நேரா தெரியும், அந்தத் தூணை எழுப்பினவன் பேரு ஒண்ணுகூட எங்கயும் செதுக்கல. எனக்கு இது ஆறவே மாட்டேங்குது. மக கேட்டதுக்கு நீங்க முதல்ல சொல்ல வேண்டிய பதில் இதுதான், என்ஜினியர் பேரு பிறகு.

முதல்ல கூரை தட்டையா மெட்ராஸ் பாணியில போட்டாங்க, நம்ம மழைக்கு ஒத்துவரல, 1864ல சரிவுக் கூரையா மாத்தினாங்க. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் குண்டு போட்டு சேதமாச்சு, உள்ள இருந்த சாமானெல்லாம் சூறை போச்சு, மறுபடி ஆராதனை தொடங்க 1948 ஆயிடுச்சு. 2007ல நாட்டின் பாரம்பரியச் சொத்தா அறிவிச்சாங்க.

மகளுக்கு ஒண்ணு சொல்லுங்க. அங்க சேகரக் கமிட்டிக்கு வெஸ்ட்ரின்னு பேரு, பழைய மினிட்ஸ் புத்தகம் பத்திரமா வச்சிருந்தா பார்க்கலாமான்னு கேக்கட்டும். யாரு எத்தனை டாலர் கொடுத்தாங்க, கூரை எப்ப ஒழுகுச்சு, எந்த வருஷம் ஐயருக்கு சம்பளம் பாக்கி வச்சாங்கன்னு அதுல இருந்தாலும் இருக்கும். கிடைச்சா எனக்கும் எழுதச் சொல்லுங்க, அடுத்த இதழ்லயே போட்டுடலாம்.