வால்பாறைக்கு நம்ம பழைய கார் போதுமுங்களா?

கேள்வி: கோயமுத்தூர்ல இருந்து ரெண்டு நாள் வால்பாறை போலாம்னு இருக்கோமுங்க, கார் பத்து வருசப் பழசு, சின்னப் பையனுக்கு வளைவுன்னாலே வாந்தி, என்னங்க பண்றது?
- ஒரு வாசகி, சிங்காநல்லூர்

பதில்: தாராளமா போலாமுங்க. பொள்ளாச்சி வழியா நூறு கிலோமீட்டர் சொச்சந்தான், ஆனா ஆழியார் தாண்டுனா 40 கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்க, அதனால முதல்ல பிரேக், கூலன்ட், டயர் மூணையும் மெக்கானிக்கிட்ட காட்டிருங்க. ஏறுறத விட எறங்குறதுதான் வேலை, ரெண்டாவது கியர்லயே விட்டு எஞ்சின் புடிச்சு எறங்கோணும், பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுற ஆளுக நம்மூர்ல நெறையா, அத மட்டும் வேண்டாமுங்க, பிரேக் சூடாயி புடிக்காமப் போயிரும். வளைவுல மேல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல்ல வழி.

பையனுக்கு ரெண்டு இட்லி போதும், முன்னாடி சீட்டுக்குப் பின்னால நடுவுல உக்கார வெச்சு பெல்ட் போட்டு ரோட்டப் பாக்கச் சொல்லுங்க, போன் குடுத்துராதீங்க. ஒம்பதாவது வளைவுல நிறுத்துனா வரையாடு பாக்கலாம், அவனுக்கு வாந்தியே மறந்துரும்! புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வரும், மெதுவாப் போங்க, தீனி போடாதீங்க. யானை நடமாட்டம் இருக்கறதால பொழுதோட போய்ச் சேந்துருங்க. இ-பாஸ் வீட்லயே எடுத்துருங்க.