நெடியில்லாத துப்புரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொங்கலுக்கு முன்பு வீடு முழுவதும் ஒட்டடை அடித்துக் கழுவித் துடைக்கும் நாட்கள் இவை. மணத்தையோ ஓசையையோ தொடுகையையோ மற்றவர்களைவிடப் பல மடங்கு கூர்மையாக உணர்பவர்கள் உள்ள வீடுகளிலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவன். தரையைப் பினாயிலால் துடைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிவிடுகிறான். வேதிப்பொருள்தான் காரணம் என்று எண்ணி, எலுமிச்சைப்புல் எண்ணெய் கலந்த இயற்கைத் திரவத்துக்கு மாறினோம். இப்போது துடைத்த அறைக்குள் மாலை வரையில் வர மறுக்கிறான். இயற்கையான பொருளும் ஒத்துக்கொள்ளாமல் போகுமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: போகும். உங்கள் மகனை விரட்டுவது அந்தத் திரவத்தின் மணமே. அந்த மணம் தொழிற்சாலையில் பிறந்ததா, தோட்டத்தில் பிறந்ததா என்பதை அவனுடைய மூக்கு பார்ப்பதில்லை. வெள்ளைப் பினாயிலுக்கு அதன் வாடையைத் தரும் பைன் எண்ணெயும் மரத்திலிருந்து வருவதுதான். எலுமிச்சைப்புல்லில் உள்ள சிட்ரால், ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் ஆகியவை ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை என்பதால், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அவற்றின் பெயர்களைத் துப்புரவுப் பொருட்களின் மீது அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது.

பார்வை, செவி, தொடுகை ஆகியவற்றின் செய்திகள் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே மூளையின் மேற்புறணியை அடைகின்றன. மணத்தின் செய்தியோ அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகத் தொட்டுவிடுகிறது. நம்மில் பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் மூக்கு பழகி மணம் மறைந்துபோகிறது. அவ்வாறு எளிதில் பழகாதவர்களும் உண்டு, அவர்களுக்கு மாலை வரையில் அது முதல் நிமிடத்தின் வீச்சோடு நீடிக்கலாம். ஆகவே அவன் அறைக்குள் வர மறுப்பதை அடம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு, புலன்களின் மிகையான அல்லது குறைவான எதிர்வினையை ஆட்டிசத்தை அறியும் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

தினசரித் தரைக்குத் தண்ணீரும், நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியும், அறைக்கு ஒருமுறை வாளித் தண்ணீரை மாற்றுகிற பொறுமையும் போதும். அழுக்கைப் பெயர்ப்பது உராய்வு. அதை அப்புறப்படுத்துவது தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சமையலறைக்கு மட்டும் மணம் சேர்க்காத திரவச் சோப்பு சில துளிகள் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: மணமற்றது என்று முகப்பில் அச்சிட்ட புட்டியிலும், மூலப்பொருளின் வாடையை மறைப்பதற்காக வேறொரு மணத்தைச் சேர்த்திருக்கக் கூடும். பின்புறப் பட்டியலில் பெர்ஃப்யூம், ஃபிராக்ரன்ஸ் என்ற சொற்கள் இருந்தால் புட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

எந்தப் பொருளை வாங்கினாலும் அவனுடைய ஒப்புதலைப் பெற்றுப் பயன்படுத்துங்கள். ஒரு துளியை ஈரத் துணியில் தடவி, அவன் விரும்பினால் நெருங்கவும் விரும்பாவிட்டால் விலகவும் முடிகிற இடமாகப் பார்த்து, தாழ்வாரத்தின் மறுகோடியில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேச்சு வராத பிள்ளைகளும் இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

கேள்வி: எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு; கடுமையான மணம் பட்டாலே தொடங்கிவிடுகிறது. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து துடைத்தால் எந்தக் கறையும் போகும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். நுரை பொங்குகிறதே தவிர, குழாயில் படிந்த உப்புக்கறை அப்படியே இருக்கிறது. எனக்கு வினிகர் நெடியால் தலைவலியும் வந்துவிடுகிறது. எங்கள் சமையல் மேடை கடப்பைக்கல்லால் ஆனது.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: வினிகர் அமிலம், சமையல் சோடா காரம். இரண்டையும் கலந்தால் ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுத்து, கரியமில வாயு நுரையாகப் பொங்கி வெளியேறிய பின், ஏறக்குறைய உப்புத் தண்ணீர் என்று சொல்லத்தக்க சோடியம் அசிட்டேட் கரைசல்தான் எஞ்சுகிறது. இந்தக் கலவை இவ்வளவு புகழ் பெற்றதற்கு நுரை பார்வைக்கு அழகாக இருப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் தனித்தனியே, அதனதன் இடத்தில் வையுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விட்டுச்செல்லும் வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதை அமிலம்தான் கரைக்கும். ஆனால் அந்த அமிலம் வினிகராக இருக்க வேண்டியதில்லை. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் எளிதில் ஆவியாவதால் மூக்குக்குள் ஏறி, மண நரம்பை மட்டுமல்லாமல் முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்பையும் குத்துகிறது. எலுமிச்சை உப்பு என்ற பெயரில் விற்கப்படும் சிட்ரிக் அமிலமோ ஆவியாகாத திடப்பொருள். தண்ணீரில் கரைத்தாலும் அதற்கு மணம் இல்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, அதில் நனைத்த துணியைக் குழாயின் மீது அரை மணி நேரம் சுற்றிவைத்துப் பிறகு தேய்த்துக் கழுவுங்கள். தூளைக் கொட்டும்போது முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். பித்தளை விளக்கைப் புளியிட்டுத் தேய்க்கும்போது வேலை செய்வதும் ஓர் அமிலமே என்பதால், புளியின் பிசுபிசுப்பு பிடிக்காதவர்கள் அதற்கும் இதே கரைசலைப் பயன்படுத்தலாம்.

கடப்பை மேடையில் மட்டும் வினிகரோ எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ படக் கூடாது. கடப்பைக்கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது; குழாயின் கறையைக் கரைக்கிற அமிலம் கல்லையும் அரித்து, பளபளப்பைப் போக்கிவிடும். பளிங்குக்கும் பழைய மொசைக் தரைக்கும் இதே விதிதான். மேடைக்கு மணமற்ற சோப்புத் தண்ணீர் போதும். அடுப்புக்குப் பின்புறத்து ஓடுகளில் ஏறிய பழைய எண்ணெய்ப் பிசுக்குக்கு, ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்து, கையுறையோடு துடையுங்கள். அதற்கும் வாடை கிடையாது. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் அதை ஊற்ற வேண்டாம், கருத்துவிடும்.

கேள்வி: நான் ஆட்டிசம் உள்ளவன்; இருபத்தாறு வயது; தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். தொட்டியில் ஊறிக் கிடக்கும் சோற்றுப் பருக்கை விரலில் பட்டால் உடம்பெல்லாம் கூசுகிறது. எவர்சில்வர் பாத்திரங்கள் மோதும் ஓசையும் தாங்க முடியவில்லை. இதனால் பாத்திரங்கள் நாள்கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. பூந்திக்கொட்டை நல்லது என்கிறார்களே?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பூந்திக்கொட்டையில் உள்ள சப்போனின் நன்றாக நுரைக்கும், பிசுக்கையும் ஓரளவு எடுக்கும். ஆனால் ஊறிய கொட்டையின் வழவழப்பு, நீங்கள் வெறுக்கும் அந்தப் பருக்கைக்குச் சற்றும் குறைந்ததன்று. வேகவைத்து எடுத்த சாறும் வெளியில் வைத்தால் ஓரிரு நாட்களில் புளித்து வாடையடிக்கும். உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மணமற்ற திரவச் சோப்பே மேல்.

உங்கள் சிக்கல் பொருளில் இல்லை. ஈரமான எச்சிலைத் தொட வேண்டியிருப்பதில்தான் இருக்கிறது. தட்டைத் தொட்டியில் வைப்பதற்கு முன்பே, ஈரம் படுவதற்கு முன்பே, மிச்சத்தைக் காகிதத்தாலோ ரப்பர் விளிம்புள்ள கரண்டியாலோ குப்பையில் வழித்துவிடுங்கள். தொட்டியின் வாயில் எடுத்துத் தட்டக்கூடிய வலைச்சல்லடை ஒன்றை இடுங்கள். நீண்ட கைப்பிடியுள்ள தூரிகையைப் பயன்படுத்தினால் விரல் உள்ளே போகத் தேவையில்லை. ரப்பர் கையுறையின் வாடை உறுத்தினால், புதிதாக வாங்கியதைச் சோப்பால் கழுவிச் சில நாட்கள் காற்றாட நிழலில் தொங்கவிடுங்கள், அல்லது நைட்ரில் கையுறைக்கு மாறுங்கள்; உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணிந்தால் வியர்வையில் ஒட்டுகிற உணர்வும் இராது. நுண்ணிழைத் துணி தோலின் சொரசொரப்பில் மாட்டி இழுப்பதாகப் பலர் சொல்கிறார்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றினால், பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித் துண்டுக்கு இணையானது கடையில் கிடைக்காது.

ஓசைக்கு எளிய வழி, தொட்டியின் அடியில் தடித்த துவாலையோ ரப்பர் விரிப்போ இட்டுக் கழுவுவது. கம்பிச் சுருள் எவர்சில்வரில் கிரீச்சிடும். தேங்காய் நார் கிரீச்சிடாது. தரைக்கும் தென்னங்குச்சித் துடைப்பத்தைவிடப் பூந்துடைப்பம் அமைதியானது. காதடைப்பான் அணிந்து வேலை செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இவற்றோடு, ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு தம்ளர், ஒரு வாணலி என்று புழக்கத்தில் உள்ள பாத்திரங்களையே குறைத்து, மற்றவற்றைப் பரணில் ஏற்றிவிட்டால், நாள்கணக்கில் சேர்வதற்குப் பாத்திரமே இருக்காது.

கேள்வி: பினாயில் வாசனை வந்தால்தான் வீடு சுத்தம் என்று என் மாமியார் நம்புகிறார். அது இல்லாமல் கிருமி சாகுமா என்று கேட்கிறார். மகளுக்கோ அந்த வாசனை ஆகாது. நடுவில் நான்.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவர் கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அன்றாடத் தரையில் கிருமியைக் கொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. சோப்பும் தண்ணீரும் அதை அப்புறப்படுத்தினால் போதும். ஆனால் வீட்டில் யாருக்காவது வாந்தியும் பேதியும் கண்டால், வினிகர், வேப்பிலை, மஞ்சள் தண்ணீர் ஆகியவற்றை நம்பி இருக்கக் கூடாது. அப்போது முதலில் சோப்பிட்டுக் கழுவிய பிறகு, பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்தத்தான் வேண்டும். மகளை முன்கூட்டியே சொல்லி வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, சன்னல்களைத் திறந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரால் கழுவி, நெடி அடங்கிய பின் அழைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட், வினிகர், சிட்ரிக் அமிலம் என எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். அது நெடி தாங்காதவர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும் நஞ்சு. ஒன்றைப் பயன்படுத்திய நாளில் மற்றதைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

மாமியாரின் மனநிறைவுக்கு, மகள் புழங்காத வெளிவாசலையும் பின்கட்டையும் அவர் விருப்பத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: துணி அலமாரியில் அந்துருண்டைக்குப் பதிலாகக் கற்பூரம் வைக்கலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டுமே வேண்டாம். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த இரத்த அணுக்களைச் சிதைக்கக் கூடியது. கற்பூரத்தைக் குழந்தைகள் விழுங்கினால் வலிப்பு வரும்; கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் பழக்கமுள்ள பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. துணியை நன்றாக வெயிலில் உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். பூச்சி அரிப்பது பெரும்பாலும் பட்டையும் கம்பளியையும், வியர்வை போகாமல் மடித்துவைத்த துணியையும்தான்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டைக் காலை ஏழரை மணிக்குக் கறுப்புப் பினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் என் மகள் பள்ளி வேனுக்கு இறங்க வேண்டும். தினமும் அழுகை. சங்கத்தில் எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: பொருளை மாற்றச் சொல்வதற்கு முன்பு நேரத்தை மாற்றக் கேளுங்கள், செலவில்லாத கோரிக்கைக்குச் சங்கங்கள் விரைவில் இணங்கும். பள்ளி வேன்கள் போன பிறகு, எட்டரை மணிக்குக் கழுவினால் யாருக்கும் இழப்பில்லை. வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் கடிதமாகக் கொடுங்கள். மகளுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருந்தால் அதன் நகலை இணைத்து, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று என்பதை, அவளுக்கும் அது பொருந்துமானால், ஒரே வரியில் குறிப்பிடுங்கள்; மிரட்டும் தொனி வேண்டாம். கழுவுகிற அம்மாவிடமும் தனியாகப் பேசி, உங்கள் மாடிப்படிகளுக்கு மட்டும் நீங்கள் வாங்கித் தரும் மணமற்ற சோப்பைப் பயன்படுத்தச் சொல்லலாம். கடிதத்துக்குப் பதில் வரும் வரையில், வாசற்கதவின் அடி இடைவெளியில் ஈரத் துவாலையை அடைத்து, மகளை மின்தூக்கியில் அழைத்துச் செல்லுங்கள்.