முதலில் ஒரு வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் பின்சுவரோரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி இரண்டு ஆண்டுகளாகத் தங்கியிருக்கிறார். தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். சாப்பாடு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். பேச்சுக் கொடுத்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். போலீசில் சொன்னால் துன்புறுத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஏதாவது ஒரு ‘ஹோமில்’ சேர்த்துவிடலாமா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் சட்டம் அந்த அம்மாவின் பக்கம்தான் நிற்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, மனநோயால் தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலைபவர் என்று கருத இடமிருக்கும் ஒருவரைத் தம் பாதுகாப்பில் ஏற்று, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குச் சேர்ப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால், காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தாரையும் தேட வேண்டும். பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு நேரில் போங்கள். போகுமுன் ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியின் இலவச எண்ணான 14416இல் ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம்.

யாரென்று விசாரிக்காமல் ஏதோ ஒரு ‘ஹோமில்’ விட்டுவிட்டு வருவதை மட்டும் செய்ய வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இறந்த 28 பேரில் பலர், சொந்தக் குடும்பத்தாரால் அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள். சங்கிலியிட்டு வைப்பதை இன்றைய சட்டம் எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை.

கேள்வி: சென்ற இதழில் ‘முதலில் வீடு, பிறகு சிகிச்சை’ என்ற முறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அண்ணன் பத்தாண்டுகளாகத் தெருவில்தான் இருக்கிறார், மனநோயோடு குடியும் உண்டு. குடியை நிறுத்தினால் அறை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்துவிட்டோம். குடிப்பவரிடம் வீட்டைக் கொடுப்பது அவரை மேலும் கெடுப்பதாகாதா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ‘பிறகு’ என்று நான் எழுதியது பிழை, வீடும் சிகிச்சையும் சேர்ந்தே வர வேண்டும். நீங்கள் அண்ணனுக்கு வைத்த நிபந்தனையைத்தான் உலகெங்கும் பல காலம் வைத்திருந்தார்கள். குடியை விடு, மருந்து சாப்பிடு, ஒழுங்காக நடந்து காட்டு, அதன்பின் வீடு. ஒரு படியில் சறுக்கியவர் மறுபடி நடைபாதைக்கே வந்து சேர்ந்தார். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்: நிபந்தனையின்றி வாடகை வீடு, அந்த வீட்டு வாசலுக்கே வரும் மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும்.

தெருவில் சிகிச்சை ஏன் நிற்பதில்லை என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மாத்திரை அட்டை மழையில் நனையும், அல்லது பையோடு திருட்டுப் போகும். பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பவை. நடைபாதையில் அயர்ந்து தூங்குவது, அதுவும் பெண்களுக்கு, ஆபத்து. தெருவில் இருப்பவர் மருந்தை வேண்டாமென்று தள்ளுவதை நோயின் பிடிவாதம் என்று நாம் சொல்கிறோம். பல நேரம் அது தற்காப்பு.

கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயோடு வீடற்றிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு இந்த ‘முதலில் வீடு’ முறையைச் சோதித்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், வீடு பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் முழுக் காலமும் வீட்டிலேயே நிலைத்தார்கள். வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றவர்களில் அது 31 விழுக்காடு. ஆனால் மனநோய் அறிகுறிகளும் குடிப்பழக்கமும் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவுக்கே குறைந்தன. ஆகவே வீடு கிடைத்ததும் அண்ணன் குடியை விட்டுவிடுவார் என்று நான் வாக்குத் தர மாட்டேன். குடிப்பவரிடம் வீடு நிலைக்காது என்ற உங்கள் அச்சத்துக்கு மட்டும் அந்த எண்கள் பதில் சொல்கின்றன.

இன்னொன்று, இது அவசரமானது: நெடுநாள் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். உங்கள் நிபந்தனையை அவர் தெருவிலேயே நிறைவேற்ற முயலாமல் இருந்ததும் ஒரு வகையில் நல்லதற்கே.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, முன்பு மனநோயோடு வீடற்றிருந்த நான்கு பெண்களை ஒரு உதவியாளரோடு குடிவைத்திருக்கிறார்கள். அவர்களைக் காலி செய்யச் சொல்லி மனு எழுதுகிறார்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் மனநோயுற்ற வீடற்றவர்களுக்காகத் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் இப்படிச் சாதாரணத் தெருக்களில் வீடெடுத்து, சில பேர் ஒரு குடும்பம்போல் வாழ வழி செய்துவருகிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநலக் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று முதல் பதிலில் சொன்ன மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது.

இத்தகைய ஒரு வீட்டுக்கு நான் அவ்வப்போது போய்வந்தேன். அங்கே ஓர் அம்மா முதல் சில வாரங்கள் கட்டிலை விட்டுவிட்டு, வாசற்கதவை ஒட்டித் தரையில், துணி மூட்டையைத் தலைக்கு வைத்தே படுத்தார். மற்றவர்கள் யாரும் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை. ஒரு நாள் அவராகவே, “இதை மாட்ட ஒரு ஆணி அடிச்சுத் தருவீங்களா?” என்று கேட்டார். வாடகை வீட்டில் ஆணி அடிப்பதென்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமே! கீழ்வீட்டில் இருந்த அவரிடம் போய்க் கேட்டோம். மறுபேச்சில்லாமல் சுத்தியலோடு அவரே மேலே வந்தார். அன்றிரவு அந்த அம்மா கட்டிலில் படுத்தார்.

மனு எழுதுபவர்கள் அந்த வீட்டுக்குள் ஒரு முறையாவது போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், குப்பை வண்டி எந்த முனையில் நிற்கும் என்பது புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. நாளைக் காலையில் போய் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால், மனு எழுதியவர்களில் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள்.