சிமென்ட் தொட்டியில் விட்ட கப்பி மீன் வெளுக்கிறது, என்ன மருந்து?

கேள்வி: சேரன்மகாதேவியில் வீட்டுக்குப் பின்னால் 300 லிட்டர் சிமென்ட் தொட்டி புதிதாகக் கட்டி, வளர்த்து விற்கலாம் என்று 60 கப்பி விட்டேன். பத்து நாளில் ஆண் மீன்கள் நிறம் வெளுத்து, வாலைச் சுருக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன. பதினொன்று செத்துவிட்டன. மெத்திலின் புளூ இரண்டு தடவை ஊற்றினேன், தினமும் பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். அதே குழாய்த் தண்ணீர், அதே தீனியில் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் பத்து மீன் மட்டும் நன்றாக இருக்கிறது. இது என்ன நோய்?

பதில்: தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. ஒரே தண்ணீர், ஒரே தீனி, ஒரே மீன். சிமென்ட் மட்டும்தான் வேறு. நோய் என்றால் ஒன்றிரண்டு மீனில் தொடங்கி மெல்லப் பரவும். இப்படி மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வெளுத்து வாலைச் சுருக்கினால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த நீல மருந்தை இன்றோடு நிறுத்துங்கள், அது கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

புதுச் சிமென்ட் வாரக்கணக்கில் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும். நம் தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அருமையானது, ஆனால் உப்புச்சத்து குறைவு என்பதால் கொஞ்சம் சுண்ணாம்பு இறங்கினாலே பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு, சட்டென்று ஏறிவிடும். கப்பிக்கு 7 முதல் 8 வரை சுகம். புதுத் தொட்டியில் அது 10-ஐக்கூடத் தாண்டும். அதோடு மீன் கழிவில் வரும் அம்மோனியாவும் சேர்ந்துகொள்கிறது. 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 9 ஆனால் ஏறக்குறைய 40 பங்கு விஷமாகிவிடும். நீங்கள் பாதித் தண்ணீரை மாற்ற மாற்ற, சுவர் புதுத் தண்ணீரிலும் சுண்ணாம்பை இறக்குகிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே விடுகிறீர்கள் என்றால் குளோரினும் சேரும்.

முதலில் மீன்களைக் காப்பாற்றுங்கள். பெரிய பிளாஸ்டிக் டப் ஒன்றில், ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றி ஏர் பம்ப் போடுங்கள். பித்தளை அண்டா, செம்புப் பாத்திரம் எதுவும் வேண்டாம், செம்பு மீனுக்கு விஷம். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு வாளியில் எடுத்து, டப் தண்ணீரை மெல்லிய டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் வாளியில் விட்டு, அப்புறம் மாற்றுங்கள். ஒரேயடியாகத் தூக்கிப் போட்டால் அந்த அதிர்ச்சியிலேயே சில போய்விடும். சினைப் பெண் மீன்களை வலையில் அள்ளாமல் மக்கில் தண்ணீரோடு எடுங்கள். டப் தண்ணீரில் 10 லிட்டருக்கு 10 கிராம் கல் உப்பு கரைத்து விட்டால் போதும். ஒரு நாள் தீனி வேண்டாம்.

டார்ச் அடித்துப் பாருங்கள். எதற்காவது வாயோரமோ முதுகிலோ பஞ்சு போல வெள்ளைத் திட்டு இருந்தால் அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள், அது பாக்டீரியா நோயாக இருக்கலாம், சோர்ந்த மீனில்தான் அது ஏறும். மனிதருக்கான மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். அப்புறமும் சாவு நிற்கவில்லை என்றால், உயிருள்ள மீன் ஒன்றும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

இனி தொட்டி. காலி செய்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு ஒரு வாரம் ஊற விடுங்கள். உங்கள் ஊரில் வாழைக்குப் பஞ்சமா? தண்டு அழுகி நாறும், அது பரவாயில்லை. கொட்டிவிட்டுத் திரும்ப இரண்டு தடவை இதையே செய்யுங்கள். சரி, சுண்ணாம்பு போய்விட்டது என்று எப்படித் தெரியும்? மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காய வையுங்கள். தொட்டியில் புதுத் தண்ணீர் மூன்று நாள் நின்றபின் அதில் ஒரு சொட்டும், கண்ணாடித் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டும் பக்கத்தில் பக்கத்தில் விடுங்கள். தொட்டிச் சொட்டு மட்டும் செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதுதான் இது. மஞ்சள் மாறவில்லை என்றாலும் மீன் கடையில் கிடைக்கும் பி.எச். கிட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், 8.5-க்குக் கீழே நிற்க வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பயத்திலும் வேதனையிலும் மீன் கருநிறத்தைச் சுருக்கிக்கொள்ளும், தண்ணீர் சரியானால் சில நாளில் திரும்பிவிடும். ஆரஞ்சு அப்படி இல்லை, அதற்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறச்சத்தை மீனால் தானாக உண்டாக்க முடியாது, தீனியில்தான் வர வேண்டும். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனியும் ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலும் கொடுங்கள், இரண்டு மூன்று வாரமாவது பொறுங்கள்.

தொட்டி தயாரானதும் கண்ணாடித் தொட்டியின் வடிகட்டி ஸ்பாஞ்சை அதே தொட்டித் தண்ணீரில் அலசி, அந்த அழுக்குத் தண்ணீரைப் புதுத் தொட்டியில் ஊற்றுங்கள், நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. முதலில் ஐந்து மீன் மட்டும் விட்டு நான்கு நாள் பாருங்கள். வாலை விரித்து நீந்தினால் மற்றவற்றையும் விடலாம்.